என் பல், உன் கல்யாணம், ஒரு மவுத்பீஸ்

கப்பலில் இருக்கும் என் மகனுக்கு, திருவொற்றியூரில் தரையில் கால் பாவாமல் குதித்துக்கொண்டிருக்கும் உன் அம்மா எழுதுவது. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் உனக்கு சிக்னல் வந்து, 'கேக்குதா, கேக்குதா' என்று இரண்டு பேரும் கத்தி முடிப்பதற்குள் அது போய்விடுகிறது. நான் சொல்ல வேண்டியதோ நீளமான கதை. அதனால் எழுதிவிட்டேன். உங்கப்பா போட்டோ பிடித்து அனுப்புவார்; எழுத்து ஆடியிருந்தால் அவரைத் திட்டு. முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன்: உன் அம்மாவின் முன்பல் ஒன்று போய்விட்டது. பதறாதே, நல்ல செய்தி பின்னால் வருகிறது. ஒழுங்காக முதலிலிருந்து படித்து வா. கடைசிப் பக்கத்துக்குத் தாவினாய் என்று தெரிந்தால், கல்யாண மாப்பிள்ளை என்றுகூடப் பார்க்க மாட்டேன், முதுகில் ஒன்று வைப்பேன்.

பல் எப்படிப் போனது என்று கேள். நீ வீடியோவில் தலையைக் காட்டிவிட்டு எஞ்சின் ரூமுக்கு ஓடினாயே, அந்த நிச்சயதார்த்தத்தன்றுதான். ரூபி வீட்டார் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் அல்லவா, தட்டுத் தட்டாகப் பலகாரம் கொண்டுவந்து அடுக்கிவிட்டார்கள். ரூபி கழுத்திலும் காதிலும் கையிலுமாக ஜொலித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீயாகப் பார்த்து, நீயாகப் பேசி முடித்த பெண். நான் அவளிடம் அதுவரை நாலு வார்த்தைகூடச் சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. உங்கப்பாவின் காதருகே குனிந்து, "இன்னாய்யா, நகைக்கடை பொம்மை மாதிரி மின்னிகினு கீது, நம்ம வூட்டுக்கு ஒத்து வருமா?" என்று கேட்டேன். அவர் வழக்கம்போல, "நல்லாத்தான் கீது" என்றார். அந்த மனிதர் எதற்குத்தான் வேறு பதில் சொல்லியிருக்கிறார்?

அந்தத் தட்டுகளில் ஒன்று நிறைய உருண்டை. பார்க்க ரவா லட்டு மாதிரி பாவமாக இருந்தது. ரூபியின் அம்மா ஒன்றை எடுத்து, "சாப்பிடுங்க மதினி, பொருள்விளங்கா உருண்டை" என்று என் கையில் வைத்தார். பெயரைக் கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பொருள் விளங்காத ஒன்றை யாராவது கடிப்பார்களா? நான் கடித்தேன். கடக்கென்று ஒரு சத்தம். உருண்டை உடைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். உருண்டைக்கு ஒன்றும் ஆகவில்லையடா! என் பல்தான் பாதியாக நாக்கில் கிடந்தது. முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல அதை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன். அப்புறம் அவர்கள் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காமல் சிரித்தேன், தலையை ஆட்டினேன், 'ம்ம்' என்றேன். போகும்போது ரூபியின் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எம்மகளுக்கு இப்படி ஒரு சாந்தமான மாமியார் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று கண் கலங்கினார். உன் மாமனார் வீட்டில் எனக்கு இருக்கும் நல்ல பெயர் அந்தப் பல் கொடுத்த பெயர்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நம் தெருவை உனக்குத் தெரியாதா? 'நிச்சயத்தன்னிக்கே மாமியார் பல்ல ஒடச்சவ' என்று அந்தப் பெண்ணுக்குப் பட்டம் கட்டிவிடுவார்கள். அவளுக்குப் பேரன் பேத்தி பிறந்தாலும் அது போகாது. அதனால் உங்கப்பாவிடம் மட்டும் சொன்னேன், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அதற்கு அடுத்த வாரம் உன் போன் வந்தது. கடல் காற்று இரைச்சலுக்கு நடுவே நீ கேட்டது ஒரே கேள்வி: "மா, படிச் சத்தம் நீதானே ஊதுவ?" அப்போது என் வாயில் இடைவெளிதான் இருந்தது. ஆனாலும், "பின்ன யாரு, உங்க மாமியாரா ஊதப்போறாங்கோ?" என்று உன்னை அதட்டிவிட்டு வைத்துவிட்டேன்.

படிச் சத்தம் உனக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். நீ அரை டவுசரோடு என் பக்கத்தில் நின்று எத்தனை கல்யாணத்தில் பார்த்திருப்பாய். பெண்ணும் மாப்பிள்ளையும் கோயில் வாசலைத் தாண்டியதும் நம் பேண்டு செட்டில் டிரம், கிளாரினெட், எல்லாம் அடங்கும். என் ட்ரம்பெட் மட்டும் ஒரே ஒரு சுரத்தை உச்சியில் பிடிக்கும். அவர்கள் கடைசிப் படி இறங்கித் தரையில் கால் வைக்கும்வரை அது அறுபடக் கூடாது. அறுந்துபோனால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் திரும்ப மேலே ஏற்றி, மறுபடி இறங்கச் சொல்வார்கள். தெருவே விழுந்து விழுந்து சிரிக்கும். சில குறும்புக்கார மாப்பிள்ளைகள் என் மூச்சைச் சோதிக்கவே ஆமை மாதிரி இறங்குவார்கள். என்னிடம் அது பலித்ததில்லை. நீ என் புடவையைப் பிடித்து இழுத்து, "எனக்கும் நீதாம்மா ஊதணும், நான் இன்னும் மெதுவா எறங்குவேன்" என்பாய். ஊருக்கெல்லாம் ஊதிவிட்டு, பெற்ற பிள்ளை படி இறங்கும்போது ஓரமாக நின்று அட்சதை போடும் அம்மாவாக என்னால் இருக்க முடியுமா?

பல் டாக்டர் உடைந்த பல்லின் மேல் ஒரு உறை மாட்டிவிட்டார். கண்ணாடியில் பார்த்தால் சினிமா நடிகை தோற்றாள். ஆனால் அது பழைய பல்லைவிட ஒரு நூல் தடிமன். அந்த ஒரு நூல் உதட்டை முன்னால் தள்ளிவிட்டது. ட்ரம்பெட் முனையில் செருகி ஊதும் என் பழைய மவுத்பீசை வாயில் வைத்தால் அதன் விளிம்பு நேராக அந்த உறையின் ஓரத்தில் போய் உட்காருகிறது. கீழ்ச் சுரங்கள் எப்படியோ வந்தன. மேலே ஏறினால் காற்று ஒரு பக்கமாகப் புஸ்ஸென்று போகிறது, உதடு எரிகிறது, சத்தம் பஞ்சர் ஆன டயர் மாதிரி. மணலியில் நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டு கேட் அறையில் லாரி வராத நேரத்தில் ஊதிப் பார்த்தேன். டிரைவர்கள் வழக்கமாக ஹாரன் அடித்துப் பதில் கொடுப்பார்கள். அன்று ஒருவர் இறங்கி வந்து, "இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். வீட்டில் உங்கப்பாவிடம் ஊதிக் காட்டினேன். "நல்லாத்தான் கீது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் ட்ரம்பெட்டாலேயே அடித்திருப்பேன், நெளிந்துவிடுமே என்று விட்டேன்.

நம் பேண்டு மாஸ்டர் தாஸ் மாமாவிடம் வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன், உருண்டையை மட்டும் மறைத்து. ஷேர் ஆட்டோ கம்பியில் இடித்துக்கொண்டேன் என்றேன். நம்ம ஹைரோட்டுப் பள்ளத்துக்கு அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மறுநாளே அவர் ராயபுரம், தண்டையார்பேட்டை என்று அலைந்து, தெரிந்த பேண்டுக்காரர்களிடம் எல்லாம் இரவல் கேட்டு, ஒரு டிபன் பாக்ஸ் நிறைய மவுத்பீஸ் கொண்டுவந்தார். மொட்டை மாடியில் பாயை விரித்துக் கொட்டினோம். உனக்கு மவுத்பீஸ் என்றால் எல்லாம் ஒன்று. அப்படி இல்லை கண்ணு! ஒன்றின் விளிம்பு கூராக, ஒன்றுக்கு மொழுக்கென்று இருக்கும். ஒன்றில் உதடு பதியும் கிண்ணம் ஆழம். அதில் ஊதினால் சத்தம் குண்டாக, கனமாக வரும், ஆனால் மேலே ஏறுவதற்குள் மூச்சு காலி. ஒன்றின் கிண்ணம் மேலோட்டம். உச்சிக்குச் சட்டென்று போகும், ஆனால் சத்தம் கொசு மாதிரி ஒல்லி. அகலமானது, குறுகலானது, கனமானது, லேசானது. சுடுதண்ணியில் போட்டு எடுத்து, துடைத்து, ட்ரம்பெட்டில் செருகி, ஊதி, கழற்றி, அடுத்ததைச் செருகி... எனக்குச் சந்தைக்கு வந்த குழந்தை மாதிரி ஆகிவிட்டது. உதடு எரிந்தாலும் வாய் சிரித்துக்கொண்டே இருந்தது.

இதில் ஒரு மாயம் இருக்கிறது, அதை உனக்குச் சொல்லியாக வேண்டும். எந்தப் புது மவுத்பீசும் முதல் தடவை ஊதும்போது அற்புதமாக இருக்கும். ஆகா, இதுதான், இதற்காகத்தான் பிறந்தேன் என்று தோன்றும். பழையதில் இருந்த தொல்லை எதுவும் இதில் இல்லை என்பதால் வரும் மயக்கம் அது. கொஞ்சம் பொறுத்து உதடு களைத்த பிறகுதான் இதற்கே உரிய தொல்லை எது என்று தெரியும். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஊதப் பிடித்திருந்தால்தான் அது உன்னுடையது. கல்யாணத்தைப் பற்றியா சொல்கிறேன் என்று கேட்காதே. மவுத்பீசைப் பற்றித்தான் சொல்கிறேன், நீ எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

அந்த மயக்கத்தில்தான் மானம் போனது. சாயங்காலம் ஆகிவிட்டது. ஆழமும் இல்லாமல் மேலோட்டமும் இல்லாமல் ஒன்று கையில் மாட்டியது. கண்ணை மூடிக்கொண்டு உச்சிச் சுரத்தைப் பிடித்தேன். அடேயப்பா! கணீரென்று, தெருவே அதிர, நீளமாக, துளி ஆட்டம் இல்லாமல் ஒரு சத்தம். தாஸ் மாமா எழுந்து நின்று, "யக்கா! சும்மா கிழிச்சிட்டக்கா!" என்று கத்தினார். உங்கப்பா கை தட்டினார். நான் மூச்சு முட்டி மவுத்பீசை வாயிலிருந்து எடுத்தேன். சத்தம் நிற்கவில்லை. தெருக்கோடி பாக்டரியின் ஷிப்ட் சங்கு! நான் ஊதியது அதற்குள் அமுங்கி எங்கே போனதென்றே தெரியவில்லை. சங்குக்கு நாங்கள் மூன்று பேரும் கை தட்டியிருக்கிறோம். இந்தத் தெருவில் இத்தனை காலம் குப்பை கொட்டியவர்கள் செய்கிற காரியமா இது?

அப்போது மாடிப் படியில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. ரூபி! ஜாக்கெட் அளவு கேட்க மெட்ரோ பிடித்து வந்தவள், எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ. தாஸ் மாமா சமாளித்தார்: "வாம்மா! நீயே சொல்லு, அத்தை எப்டி ஊதுது?" நான் சங்கு அடங்கட்டும் என்று காத்திருந்து, அதே மவுத்பீசில் மறுபடி ஊதினேன். தாஸ் மாமா, "சூப்பரு" என்றார். உங்கப்பா என்ன சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை. ரூபி கொஞ்சம் தயங்கிவிட்டு, என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "அத்தை, நல்லால்ல. காத்து ஒரு பக்கமா ஒழுகுதுல்லா."

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. நேற்று வந்தவள், ட்ரம்பெட்டை எந்தப் பக்கம் ஊதுவது என்று தெரியாதவள், எனக்கே சொல்கிறாளா? "உனக்கு இன்னாமா தெரியும் ட்ரம்பெட்டப் பத்தி?" என்று கத்தியேவிட்டேன். அவள் பயப்படவில்லை. கண்ணை அகல விரித்து, "அத்தை, நிச்சயத்தன்னிக்கு நீங்க வாயவே தொறக்கல. சாந்தமான மாமியார்னு எங்க வீடே கொண்டாடுது. இப்ப இந்தக் கத்து கத்துறீங்க. அன்னிக்கு வந்தது வேற ஆளாக்கும்?" என்றாள். உங்கப்பாவுக்கு அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. "பல்லு போன அன்னிக்கு எப்டிமா வாயத் தொறக்கும்?" என்றார். சத்தியமாவது ஒன்றாவது! ரூபி என்னைப் பார்த்தாள், என் புதுப் பல்லைப் பார்த்தாள். "எதுல போச்சு?" நான் வானத்தைப் பார்த்தேன். தாஸ் மாமா, "ஷேர் ஆட்டோல..." என்று ஆரம்பிப்பதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஐயோ அத்தை! கடிச்சா தின்னீங்க? அத அம்மில தட்டி ஒடச்சில்லா திங்கணும்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அடக்கப் பார்த்து, முடியாமல், படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்தபோது அவள் கண்ணில் இருந்த தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. "எங்க தட்டுல போச்சேன்னு நான் மனசு கஷ்டப்படுவேன்னுதான சொல்லல?" என்றாள். நான் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டேன். அந்த நிமிஷம் எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. உனக்காகப் பிடித்தது அல்ல, எனக்காகவே பிடித்தது. நீ நன்றாகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறாய், என் ராசா.

ஒன்று சொல்கிறேன் கேள். உங்கப்பா தங்கமான மனுஷன். குழம்பில் நான் உப்பே போடாமல் வைத்த நாளிலும் "நல்லாத்தான் கீது" என்று சாப்பிட்டு எழுந்தவர். பிரியத்தில்தான் சொல்கிறார். ஆனால் எல்லாவற்றையும் நல்லது என்று சொல்பவரிடம், நிஜமாகவே நல்லதைச் செய்துவிட்டு எப்படிக் கேட்பது? நீயும் அவர் பிள்ளை. ரூபி உன்னிடம் முகத்துக்கு நேரே, "நல்லால்ல" என்பாள். என்னை மாதிரி முதலில் கத்தாதே. கத்திவிட்டால், கத்தியதோடு நிறுத்திவிட்டு, அவள் சொன்ன இடத்தில் காற்று ஒழுகுகிறதா என்று பார். அவள் எப்போதாவது நன்றாக இருக்கிறது என்றால் அதை அப்படியே நம்பு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் செய்த முதல் காரியம், தன் துப்பட்டாவால் என் கண்ணைக் கட்டியது. "எங்க கடைல கருப்பட்டிய நெறம் பாத்து எடுக்க மாட்டோம் அத்தை. பளபளன்னு இருக்கதும் ஏமாத்தும், கருகருன்னு இருக்கதும் ஏமாத்தும். கண்ண மூடி நாக்குல வச்சுதான் பாப்போம்" என்றாள். தாஸ் மாமா ஒவ்வொன்றாக மாட்டித் தர, நான் ஊத ஊத, அவள் "வேண்டாம்", "வேண்டாம்", "இத ஒதுக்கி வைங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒதுக்கியதை, உதடு களைத்த பிறகு மறுபடி ஊதச் சொன்னாள். கடைசியில் ஒன்று வந்து உதட்டில் உட்கார்ந்தது. விளிம்பு வழவழவென்று, பல்லுறையின் ஓரத்தைத் தொடாமல் தாண்டிப் போய், சதையில் அமர்ந்தது. வலி இல்லை. காற்று நேராகப் போயிற்று. சத்தம் மெல்ல எழுந்து, அகலமாகி, நான் போகச் சொன்ன இடத்துக்கெல்லாம் போயிற்று. ரூபி சொன்னாள்: "அத்தை. இதுதான்."

கட்டை அவிழ்த்துப் பார்த்தால், தங்க முலாம் பூசிய மவுத்பீஸ்! டிபன் பாக்சில் அதைப் பார்த்த உடனேயே, "மினுக்குற சாமானெல்லாம் வேலைக்கு ஆவாது" என்று ஓரமாகத் தள்ளிவைத்தேன், தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தாஸ் மாமாதான் சத்தமில்லாமல் வரிசையில் சேர்த்திருக்கிறார். உங்கப்பா என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். நிச்சயத்தன்று அவர் காதில் நான் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. மறந்துபோகச் சொல்லி முறைத்தேன். இப்போது உனக்கும் சொல்லிவிட்டேன், போ. நகை போட்டிருந்தவளையும் நகை போட்டிருந்த மவுத்பீசையும் நான் ஒரே தப்புக் கணக்கில் போட்டிருந்தேன்.

ரூபி அதோடு விடவில்லை. "படி இருக்குல்லா, இறங்கிப் பாத்துருவோம்" என்று உங்கப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வெட்கப்பட்டதை நீ பார்த்திருக்க வேண்டும்! லுங்கியை இறக்கிவிட்டு, தலையை வாரிக்கொண்டு, மாப்பிள்ளையாக நின்றார். இரண்டு பேரும் மாடிப் படியில் ஒவ்வொரு படியாக, நின்று நின்று இறங்கினார்கள். நான் மேலே நின்று ஊதினேன். பாதிப் படியில் ரூபி வேண்டுமென்றே நின்று, குனிந்து, இல்லாத செருப்பு வாரைச் சரிசெய்தாள். கேடி! நான் விடவில்லை. அவள் கால் தரையில் பட்டது, சத்தம் அறுபடவில்லை, உதடு எரியவில்லை. அடுத்த கணம் எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. ராத்திரி ஷிப்டுக்குப் போக வேண்டிய ஏழுமலை மாமா, தூங்கி எழுந்த கண்ணும் ஒரு கையில் டிபன் கேரியருமாக, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே தெருவில் ஓடினார். "ஏழுமல, எங்கய்யா ஓட்ற?" என்று தாஸ் மாமா மேலிருந்து கத்தினார். அவர் திரும்பாமலே, "சங்கு ஊதிட்டான்பா! காதுல வுழல?" என்றார்.

அவரைத் திரும்பக் கூப்பிடுவதற்குள் எங்களுக்கு வயிறு வலித்துவிட்டது. ரூபி போகும்போது என்னிடம் ஒரு வாக்கு கேட்டாள், பல் விஷயம் அவள் அம்மாவுக்குத் தெரியவே கூடாதென்று. கொடுத்துவிட்டேன். நீயும் வாயைத் திறக்காதே. மறுநாள் கடைப் பையன் கையில் ஒரு டப்பா கொடுத்து அனுப்பியிருந்தாள். உள்ளே அதே பொருள்விளங்கா உருண்டை, சின்னச் சின்னதாகத் தட்டி உடைத்து. வாயில் போட்டு ஊறவைத்துத் தின்றேன். சுக்கும் ஏலமும் கருப்பட்டியுமாக அது அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அன்றே உடைத்துக் கொடுத்திருந்தால் தட்டையே காலி செய்திருப்பேன்.

கப்பல் சீக்கிரம் கரைக்கு வரட்டும். நீ வந்து இறங்கு, மாலையைப் போட்டுக்கொள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலைத் தாண்டு. சின்னப் பிள்ளையில் சொன்னபடியே எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் படி இறங்கு. ஒவ்வொரு படியிலும் நின்று போட்டோ எடுத்துக்கொள். உன் பெண்டாட்டி ஏற்கெனவே என்னைச் சோதித்துப் பார்த்துவிட்டாள், உன்னால் ஒன்றும் செய்ய முடியாது. கீழே வந்ததும் உன் மாமியார் பிரியமாக ஓர் உருண்டையை உன் கையில் வைப்பார். அவசரப்பட்டுக் கடித்துத் தொலைக்காதே. ரூபியிடம் கொடு, அவளுக்கு உடைக்கத் தெரியும். எனக்கும் ஒரு துண்டு எடுத்து வை. ஆனால் ட்ரம்பெட்டை நான் கீழே வைத்த பிறகு கொடு.